தலையணைக்காரம்மா வீட்டைத் திறந்து வைத்த நாள்

எதிர்வீட்டுக்காரர்களைப் பற்றி எழுதுவதில் ஒரு வசதி உண்டு. தெரியாததைத் தெருவைக் கடந்து போய்க் கேட்டுக்கொள்ளலாம். தலையணைக்காரம்மா விஷயத்தில் அந்த வசதியும் இல்லை. அவரிடம் ஒரு கேள்வி கேட்டால் பொறுமையாக, விவரமாக, அன்பாகப் பதில் சொல்ல ஆரம்பிப்பார். கேட்டவர் தூங்கிப்போவார். ஆகவே இதில் பெரும்பகுதி அவருடைய நாத்தனார் சொல்லிக் கேட்டது. முக்கியமான அந்த நாளில் நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன் என்றாலும், சாட்சி சொல்லும் நிலையில் இல்லை.

அவர் குரலில் குறை என்று எதையும் சொல்லிவிட முடியாது. கரகரப்பு கிடையாது, கீச்சும் கிடையாது. சரியாக மூடாத குழாயிலிருந்து வாளிக்குள் மெல்லிசாக நீர் இறங்குமே, அப்படி ஒரே சீராக இறங்கிக்கொண்டிருக்கும். ஒரு விஷயம் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியாது. நடுநடுவே "அதாவது என்னன்னா" வரும். முதல் "அதாவது என்னன்னா"வில் கேட்பவரின் தோள் தளரும். இரண்டாவதில் தலை சாயும். மூன்றாவதைக் கேட்டவர் என்று யாரும் இல்லை.

கல்யாணத்துக்கு முன் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்லும் வேலை பார்த்தார். அவர் மைக்கின் முன் உட்கார்ந்தால் பெஞ்சில் இருந்த பயணிகள் பைகளைக் கட்டிக்கொண்டு தூங்கினார்கள். பேருந்துகள் காலியாகக் கிளம்பிப் போயின. ஒருநாள் வண்டியை எடுக்கவேண்டிய ஓட்டுநரே ஸ்டீயரிங்கில் சாய்ந்துவிட்டார். நிலைய மேலாளர் காரணம் எதுவும் சொல்லாமல் அவரைத் தொலைந்த பொருட்கள் அறைக்கு மாற்றினார். அங்கே குடைகளுக்கும் டிபன் பாத்திரங்களுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தவரிடம், ஸ்பேனர் பையைத் தொலைத்துவிட்ட ஒரு லிஃப்ட் மெக்கானிக் வந்து சேர்ந்தார். பை என்ன நிறம், எந்தப் பேருந்தில் விட்டீர்கள், பையில் பெயர் எழுதியிருந்ததா என்று இவர் விசாரித்துக்கொண்டே போக, மெக்கானிக் குடைக்குவியலில் சாய்ந்து அடித்துப்போட்டாற்போல் தூங்கினார். சாயங்காலம் எழுந்து, "இப்படி ஒரு தூக்கம் தூங்கி எத்தன வருஷமாச்சு" என்றார். பையை அங்கேயே மறந்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் பெண் கேட்டுத் தன் அக்காவை அனுப்பினார். அந்த அக்காதான் இந்த நாத்தனார்.

நாத்தனாருக்கு மட்டும் ஏன் தூக்கம் வராது என்று ஒருமுறை கேட்டேன். "நான் எங்க அவ பேசறதக் கேக்கறேன்? அவ ஆரம்பிச்சா நானும் ஆரம்பிச்சுடுவேன்" என்றார். உண்மைதான். அவர்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். பதினைந்து வருடமாக ஒரே வீட்டில் சண்டை இல்லாமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

தலையணைக்காரம்மாவுக்குத் தன் குரலைப் பற்றி எதுவும் தெரியாது. எதிரே இருப்பவர் கண்ணை மூடினால், பாவம், எல்லாருக்கும் அலைச்சல், உடம்பு கேட்கிறது என்று நினைத்துக்கொள்வார். கணவர் விஷயத்தில் அந்த நினைப்புக்கும் வழி இல்லை. லிஃப்ட்காரர் தூக்கத்திலேயே சரியான இடத்தில் "ம்" சொல்லக்கூடியவர்.

வேலையை விட்ட பிறகு வீட்டிலிருந்தபடியே ஏதாவது விற்கலாம் என்று அவருக்கு ஆசை வந்தது. முதலில் தண்ணீர் வடிகட்டி. வீடு வீடாகப் போய் விளக்கம் சொன்னார். எந்த வீட்டிலும் விளக்கம் முடியும்வரை யாரும் விழித்திருக்கவில்லை. இவர் மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்துவைத்து, கால்மாட்டில் கிடந்த போர்வையை இழுத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வந்துவிடுவார். பிறகு ஒட்டாத வாணலி. அதிலும் அதே கதை. கூடுதலாக ஒரு வீட்டில் அடுப்பில் இருந்ததெல்லாம் கருகியது.

அப்புறம்தான் தங்கக்கா வந்தார். அவர் பெயர் வேறு. தலையணை விற்கும் ஒரு நிறுவனத்தில் தங்கப் படிநிலையை எட்டியவர் என்பதை வணக்கம் சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுவார் என்பதால் அந்தப் பெயர். ஏழு அடுக்குத் தலையணை, நீல உறை, கழுத்து உட்காரும் இடத்தில் ஒரு பள்ளம். இதைக் கடையில் விற்கமாட்டார்கள். ஆள் மூலம்தான் விற்பார்கள். இவரையும் ஆளாகச் சேர்த்துவிட்டார். இவர் சில மாதங்கள் முயன்று, நாத்தனாரின் தலையில் ஒன்றைக் கட்டியதோடு நின்றிருந்த வேளையில், தங்கக்கா மறுபடி வந்து உட்கார்ந்தார்.

"நீங்க வீடு வீடாப் போனது போதும். இனிமே அவங்க உங்க வீட்டுக்கு வரணும். ஓப்பன் ஹவுஸ் வைங்க."

"அப்டின்னா?"

"காலைல பத்து மணிக்குக் கதவத் திறக்கறீங்க. சாயங்காலம் வரைக்கும் திறந்தே இருக்கும். யார் வேணா வரலாம், எப்ப வேணா போலாம்."

சமையலறையிலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. "இந்த வீடு என்னிக்கும்மா மூடியிருந்துச்சு? தாழ்ப்பாள் ஒடஞ்சு ஒரு வருஷமாச்சு. ஊர் ஒலகத்துல இருக்கற லிஃப்டெல்லாம் சரி பண்றான், இந்தத் தாழ்ப்பாளச் சரி பண்ண அவனுக்கு நேரமில்ல."

தங்கக்கா அதைக் காதில் வாங்கவில்லை. நிறைய அறிவுரை சொன்னார். வருபவர்களை நிற்கவைக்கக் கூடாது. தேநீர், பிஸ்கட் போதும், விருந்து வேண்டாம்; வயிறு நிறைந்தவன் எதையும் வாங்கமாட்டான். பொருளை அலமாரியில் அடுக்கி வைக்காமல் கையில் கொடுக்கவேண்டும். தலையணை என்றால் தலையையே வைத்துப் பார்க்கச் சொல்லவேண்டும். கடைசியாக விரலை உயர்த்தி ஒன்று சொன்னார்.

"பேச்சு மூணே நிமிஷம். அதுக்கு மேல ஒரு வார்த்த பேசக் கூடாது."

அந்த ஓர் அறிவுரையை மட்டும் தலையணைக்காரம்மாவால் கடைப்பிடிக்க முடியவில்லை. நிறுவனம் கொடுத்த விளக்கக் கையேட்டை அவர் முழுவதுமாக மனப்பாடம் செய்திருந்தார்.

ஓப்பன் ஹவுஸுக்குக் குறித்த சனிக்கிழமைக்காக வீட்டையே புரட்டிப் போட்டார்கள். படுக்கையறைக் கட்டில் கூடத்துக்கு வந்தது. கட்டில் கதவில் சிக்கிக்கொள்ள, லிஃப்ட்காரர் அதன் ஒரு காலைக் கழற்றி, கூடத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி மாட்டினார். சோபாவைச் சுவரோரம் தள்ளினார்கள். மிச்ச இடமெல்லாம் பாய். ஒவ்வொரு பாயிலும் ஒரு நீலத் தலையணை. நாத்தனார் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு. வர்றவங்க சீட்டு எங்க வாங்கணும்னு கேக்கப்போறாங்க" என்றார். தலையணைக்காரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு குவளையில் பூக்களை வைத்தார். இப்போது நோயாளியைப் பார்க்க யாரோ வந்துபோன வார்டு மாதிரி இருந்தது.

காலையில் லிஃப்ட்காரர் வேலைக்குப் போய்விட்டார். பத்து மணிக்குக் கதவு திறந்தது, அதாவது ஏற்கெனவே திறந்திருந்த கதவுக்குக் கீழே ஒரு செங்கல் வைக்கப்பட்டது. முதலில் வந்தவர் பக்கத்து மாடிவீட்டு டீச்சர். அவருக்குப் பின்னால் நான். தெருமுனையில் மருத்துவமனை வைத்திருக்கும் பல் டாக்டர் வந்தார். தூக்கம் வராமல் அவதிப்படுபவர் என்று தெருவுக்கே தெரியும். அவர் கண்ணைப் பார்த்தாலே நமக்குக் கண் எரியும். தங்கக்கா நோட்டும் பேனாவுமாக வந்து, தொழில்முறையில் ஒரு மூலையில் நின்றார். உட்காரச் சொன்னபோது, "நான் உக்காந்தா வியாபாரம் உக்காந்துடும்" என்றார்.

நாங்கள் படுத்தோம். விருந்தாளியாகப் போன வீட்டில், கூடத்தின் நடுவே, அவ்வளவாகப் பழக்கமில்லாதவர்களோடு வரிசையாகப் படுப்பது சங்கடமான காரியம். டீச்சர் சேலையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தார். பல் டாக்டர் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். தலையணைக்காரம்மா நடுவில் ஒரு நாற்காலி போட்டு அமர்ந்து தொண்டையைச் செருமினார்.

"இந்தத் தலையணைல மொத்தம் ஏழு அடுக்கு. முதல் அடுக்கு பருத்தி. அதாவது என்னன்னா..."

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இரண்டாவது அடுக்கு எதனால் ஆனது என்று இன்றுவரை தெரியாது.

இனி நாத்தனார் சொன்னது. நான்காவது அடுக்குக்கு வருவதற்குள் படுத்திருந்தவர்கள் எல்லாரும் தூங்கிப்போய்விட்டார்கள். நின்றிருந்த தங்கக்கா சுவரில் வழுக்கிக்கொண்டே இறங்கி, நோட்டை நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்த நிலையில் தூங்கினார். வியாபாரமும் அவரோடு உட்கார்ந்தது. தலையணைக்காரம்மா இதையெல்லாம் கவனிக்கவில்லை. மனப்பாடம் சொல்லும்போது அவர் மேலே பார்த்துக்கொண்டுதான் சொல்வார். முடித்துவிட்டுப் பார்த்தால் கூடம் முழுக்கக் குறட்டை.

"பாத்தீங்களா அண்ணி, தலையணை என்ன மாதிரி வேல செய்யுதுன்னு!" என்றார் பூரித்துப்போய்.

வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. உள்ளேயோ சத்தமில்லை. இத்தனை செருப்பு, இவ்வளவு அமைதி. என்னவோ நடக்கக் கூடாதது நடந்துவிட்டது என்று தெருவில் போனவர்கள் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்கள். எட்டிப் பார்த்தவர்களைத் தலையணைக்காரம்மா கையைப் பிடித்து அழைத்து, காதோடு காதாக விளக்கம் சொன்னார். பார்சல் கொடுக்க வந்த கூரியர்க்காரர் கையெழுத்து வாங்கும்வரைகூடத் தாக்குப்பிடிக்கவில்லை; பார்சலையே தலைக்கு வைத்துக்கொண்டார். அதை மெதுவாக உருவிவிட்டு இவர் நீலத் தலையணையைச் செருகினார். வியாபார தர்மம் என்று ஒன்று இருக்கிறது. கட்டில் நிறைந்தது, சோபா நிறைந்தது, பாயில் ஒருக்களித்துப் படுத்தால்தான் இடம் என்று ஆனது. நாத்தனார் வைத்த தேநீர் ஆறிப்போனது.

மத்தியானம் நாத்தனார் காய்ந்த துணிகளை எடுக்க மொட்டைமாடிக்குப் போன நேரம் பார்த்து லிஃப்ட்காரர் சாப்பிட வீட்டுக்கு வந்தார்.

லிஃப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு ஆபத்தின் மீது எப்போதும் ஒரு கண் இருக்கும். அவர் பார்த்தது இதுதான்: திறந்த கதவு, குவிந்த செருப்பு, கூடம் முழுக்க மனிதர்கள் விழுந்து கிடக்கிறார்கள், சமையலறையில் அடுப்பு எரிகிறது, சுவரோரம் ஒரு பெண் நோட்டோடு சரிந்திருக்கிறார். நடுவே மனைவி மட்டும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். வாசலிலேயே நின்று கத்தினார்.

"கேஸு! கேஸு லீக்காவுது! வெளிய வா!"

"கத்தாதீங்க, ஒண்ணுமில்ல" என்று தலையணைக்காரம்மா விரலை உதட்டில் வைத்தார். "அதாவது என்னன்னா, காலைல டீச்சர் வந்தாங்க, அவங்க வந்ததுக்கப்புறம்..."

லிஃப்ட்காரருக்குக் கால் தளர்ந்தது. கண் செருகியது. பெரிதாக ஒரு கொட்டாவி வந்தது. கேஸ் தன்னையும் பிடித்துவிட்டது என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. கடைசி பலத்தைத் திரட்டிக்கொண்டு ஓடி அடுப்பை அணைத்தார். ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு தெருவுக்குப் பாய்ந்து தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார்.

வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. முகமூடி மாட்டிய வீரர்கள் திபுதிபுவென்று உள்ளே நுழைந்தார்கள். தலையணைக்காரம்மா ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லப் பார்த்தார். முகமூடிக்குள் எதுவும் கேட்கவில்லை என்பதால் அவர்கள் தப்பித்தார்கள். ஒவ்வொருவரையும் தூக்கிக்கொண்டுபோய் நடைபாதையில் வரிசையாகப் படுக்கவைத்தார்கள். தலையணையை யாரும் விடவில்லை. டீச்சரிடமிருந்து அதைப் பிடுங்க முயன்ற வீரர் கையில் கடி வாங்கினார். தூக்கத்திலும் கைவிடாத பிடி. கடைசியில் தலையணையோடு சேர்த்தே தூக்கினார்கள்.

குரல் எட்டாத தூரத்துக்கு வந்ததும் ஒவ்வொருவராக விழித்துக்கொண்டோம்.

நான் கண்ணைத் திறந்தபோது மேலே வானம் இருந்தது. பக்கத்தில் குப்பைத்தொட்டி இருந்தது. உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. பல் டாக்டர் எழுந்து உட்கார்ந்து, அழுதார். "கனவு வந்துச்சுங்க" என்றார் தெருவில் நின்றவர்களிடம். "எனக்குக் கனவு வந்து ஏழெட்டு வருஷமாச்சுங்க." கூரியர்க்காரர் சோம்பல் முறித்தபடி, தன்னைச் சுற்றி நின்ற கூட்டத்திடம் கையெழுத்து கேட்டார்.

தீயணைப்பு அதிகாரி வீட்டுக்குள் ஒரு கருவியை மூலை மூலையாக நீட்டிப் பார்த்தார். கேஸ் இல்லை, புகை இல்லை, எதுவும் இல்லை. "அப்ப எல்லாரும் ஏன் விழுந்து கெடந்தாங்க?" என்று முகமூடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. தலையணைக்காரம்மா முதல் அடுக்கிலிருந்து ஆரம்பித்தார். அதிகாரியைத் தூக்கிக்கொண்டு வர இரண்டு பேர் வேண்டியிருந்தது.

இதையெல்லாம் தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. மயக்கமடைந்தவர்கள் என்று நினைத்தவர்கள் கன்னம் சிவந்து, முகம் மலர்ந்து, நீலத் தலையணையைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு எழுந்தால் யாருக்குத்தான் ஆசை வராது? "அந்தத் தலகாணி எங்க கிடைக்குது?" என்று முதலில் கேட்டது ஒரு வீரர். பிறகு எல்லாரும் கேட்டார்கள். தங்கக்கா நடைபாதையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து ஆர்டர் எடுத்தார். வீட்டில் இருந்த தலையணை எல்லாம் போய், நாத்தனாரின் கட்டிலில் இருந்ததையும் யாரோ எடுத்துப் போனார்கள். அதிகாரி தன் மாமியாருக்கு ஒன்று சொல்லிவிட்டு, வண்டியில் ஏறும்போது திரும்பி வந்து, மாமனாருக்கும் ஒன்று சொன்னார். அந்த நிறுவனத்தின் வரலாற்றில் இப்படி ஒரு ஓப்பன் ஹவுஸ் நடந்ததில்லை என்று தங்கக்கா குரல் தழுதழுக்கச் சொன்னார். அதில் தீயணைப்பு வண்டி வந்ததே முதல்முறை என்பதையும் ஒப்புக்கொண்டார்.

அந்த வாரம் தலையணைக்காரம்மா தரையில் கால் பாவாமல் நடந்தார். அடுத்த வாரம் தலையணைகள் திரும்பி வர ஆரம்பித்தன.

முதலில் டீச்சர். "என் வீட்டுக்காரர் ராத்திரியெல்லாம் பொரண்டுகிட்டே கெடக்கறார். கழுத்து வலிதான் மிச்சம்." அடுத்து பல் டாக்டர், பழைய கண்களோடு. அடுத்து அதிகாரியின் மாமனார் நேரில் வந்தார். தலையணைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் ஆட்கள் நின்றார்கள். தலையணைக்காரம்மா தலைகால் புரியாமல் எல்லாரையும் உட்காரவைத்து, எங்கே தவறு, உறையை மாற்றிப்போட்டீர்களா, பள்ளம் கழுத்துப் பக்கம் இருந்ததா என்று விசாரித்தார். எல்லாரும் தூங்கிப்போனார்கள்.

"இங்க மட்டும் நல்லா வேல செய்யுதே அண்ணி. அவங்க வீட்ல என்ன பண்றாங்கன்னு தெரியலயே" என்று கையைப் பிசைந்தார்.

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "தலகாணியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நல்லாப் பாரு. அதோ அந்தப் பெரியவர் தலகாணிய மடியில வெச்சுக்கிட்டுத் தூங்கறாரு. அந்தம்மாகிட்டத் தலகாணியே இல்ல. எல்லாம் உன் வாய்தான்."

"என் வாயா?"

"நீ பேசுனா எல்லாரும் தூங்கிடுவாங்க. ஊருக்கே தெரியும். உனக்கு மட்டுந்தான் தெரியாது."

தலையணைக்காரம்மா தூங்கிக்கொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு, "அவர்கூடவா?" என்றார்.

"அவந்தான் மொத ஆளு."

"எங்கம்மா போயிட்டாங்கன்னு ஃபோன் வந்து, நான் அவர்கிட்டச் சொல்லிச் சொல்லி அழுதேனே?"

நாத்தனார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தூங்கிட்டான். காலைல நான்தான் சொன்னேன்."

அன்று மாலை லிஃப்ட்காரர் வீட்டுக்கு வந்ததும் விசாரணை நடந்தது.

"நேத்து ராத்திரி உங்ககிட்ட நான் என்ன சொன்னேன்?"

"எல்லாந்தான் சொன்ன."

"என்னன்னு கேக்கறேன்."

லிஃப்ட்காரர் ஆபத்தை மோப்பம் பிடித்துவிட்டார். ஆனால் வெளியேற வழி தெரியவில்லை. "பொதுவா... வீட்டு விஷயம்" என்றார்.

அன்றிலிருந்து தலையணைக்காரம்மா வாயைத் திறக்கவில்லை. காய்கறிக்காரரிடம் விரலால் காட்டி வாங்கினார். கணவருக்கு உப்பு வேண்டுமா என்பதைக்கூட உப்பு டப்பாவைத் தூக்கிக் காட்டித்தான் கேட்டார். லிஃப்ட்காரருக்குத் தூக்கம் போனது. சிவந்த கண்களோடு வேலைக்குப் போய், கீழே போகும் பொத்தானை மேலேயும், மேலே போகும் பொத்தானைக் கீழேயும் மாட்டிவிட்டு வந்தார். ஓர் அலுவலகத்தில் ஒரு நாள் முழுக்க யாரும் போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லை. நாத்தனாருக்கும் சரிப்படவில்லை. எதிர்ப்பக்கம் ஆளில்லாமல் தனியாகப் பேசிப் பேசி அவருக்கு வாய் வலித்தது. "நான் பேசறது எனக்கே கேக்குதுங்க" என்று என்னிடம் முறையிட்டார். "இத்தன வருஷமா இதையா பேசிக்கிட்டிருந்தேன்?"

லிஃப்ட்காரர் தாழ்ப்பாளைச் சரிசெய்தார். பலனில்லை. பிறகு ஒருநாள் சமையலறை வாசலில் வந்து நின்றார். "எங்கக்கா காலைல வந்து சொன்னப்போதான் உங்கம்மா போனதே எனக்குத் தெரியும். உன்கிட்டச் சொல்ல வெக்கம். தெரிஞ்ச மாதிரியே இருந்துட்டேன்" என்றார். தலையணைக்காரம்மா பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். பிறகு வாயைத் திறந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"சனிக்கிழம எல்லாரையும் வரச் சொல்லுங்க."

தங்கக்கா பதறிக்கொண்டு ஓடிவந்தார். "தலையணையத் திருப்பி மட்டும் வாங்கிடாதீங்க!" தலையணைக்காரம்மா கேட்கவில்லை. சனிக்கிழமை வந்தவர்களிடம், தூங்கிவிடாதபடி வேகமாகச் சொல்லிமுடித்தார்: "தலையணைல ஒண்ணுமில்ல. என் பேச்சுதான். வேண்டாங்கறவங்க குடுத்துட்டுப் போலாம்."

யாரும் கொடுக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பல் டாக்டர்தான் முதலில் பாயில் தலையணையைப் போட்டுப் படுத்தார். "அப்ப நீங்க பேசுங்க" என்றார்.

"என்ன பேசறது?"

"என்ன வேணா பேசுங்க. நாங்க கேக்கப்போறதில்ல."

கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. ஆனால் அந்த வார்த்தையைத் தலையணைக்காரம்மா அப்படியே பிடித்துக்கொண்டார். எல்லாரும் அசந்ததும் கையேட்டை மூடிவைத்தார். டீச்சரின் பக்கம் திரும்பினார். அதே குரல், அதே சீர்.

"டீச்சர், மாடியிலேருந்து தண்ணி ஊத்தறப்போ கீழ ஆள் போறாங்களான்னு நீங்க பாக்கறதே இல்ல. என் தலையில எத்தனையோ தடவ ஊத்தியிருக்கீங்க. நான் சிரிச்சேன். எனக்குச் சிரிப்பு வரல." தங்கக்காவிடம் வந்தார். "கனவு காணுங்க, கனவு காணுங்கன்னு எப்பவும் சொல்றீங்க. எனக்குப் பெரிய கனவெல்லாம் இல்லக்கா. சும்மா நாலு பேரோட பேசிக்கிட்டிருக்கணும், அவ்ளோதான்." கணவரிடம் வந்தார். "உங்கள என்ன சொல்றது? எங்கம்மா போன அன்னிக்கும் நீங்க நடுவுல ம், ம்னுதான் சொன்னீங்க. அந்த ம் எனக்கு எவ்ளோ ஆறுதலா இருந்துச்சு தெரியுமா?"

"ம்" என்றார் லிஃப்ட்காரர், சரியான இடத்தில்.

நாத்தனார் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுவிட்டார். முதல்முறையாக அவர் குறுக்கே பேசவில்லை. முதல்முறையாகக் கொஞ்சம் தூக்கமும் வந்தது என்றார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை தோறும் வீடு திறந்தது. புதிதாக வருபவர்கள் தலையணை வாங்கவேண்டும் என்பது தங்கக்கா போட்ட விதி. இப்படி வாரக்கணக்கில் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் ஒரு விபத்து நேர்ந்தது. ஊருக்குப் போன மனைவியோடு முந்தின ராத்திரி ஃபோனில் பேசிக்கொண்டிருந்த பல் டாக்டர் அப்படியே தூங்கி, பல வருடத் தூக்கத்தையும் தீர்த்திருந்தார். சனிக்கிழமை கண்ணை மூடியபடி படுத்திருந்தார், தூங்கவில்லை. தலையணைக்காரம்மா அவர் முறைக்கு வந்தார்.

"டாக்டர், நல்ல மனுஷன் நீங்க. ஆனா எனக்கு வலிச்ச பல்ல விட்டுட்டுப் பக்கத்துப் பல்லப் புடுங்கிட்டீங்க. இன்னும் வலிக்குது."

பல் டாக்டர் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். தலையணைக்காரம்மா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"எந்தப் பல்லு?"

"இல்ல டாக்டர், நான் சும்மா..."

"பக்கத்துப் பல்லுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே நீங்க!"

"சொன்னேனே. எந்தப் பல்லுன்னு நாலு தடவ விளக்கமாச் சொன்னேன். நீங்க கண்ண மூடிக்கிட்டீங்க. யோசிக்கிறீங்கன்னு நெனச்சேன்."

பல் டாக்டர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். குறட்டைகளைக் கேட்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. திங்கட்கிழமை காலையில் தன் மருத்துவமனையில் வேறு யாருக்கும் நேரம் கொடுக்காமல் அவரை வரவழைத்து, இருக்கையில் சாய்த்து, "தயவுசெஞ்சு பேசாதீங்க, விரலால காட்டுங்க" என்று சொல்லி, சரியான பல்லைக் கண்டுபிடித்து வைத்தியம் செய்தார். நன்றி சொல்ல அவர் வாயெடுத்தபோது நர்ஸ் அவசரமாகக் கதவைத் திறந்துவிட்டாராம்.

விஷயம் தெருவில் பரவியது. நாங்கள் தூங்கும்போது அவர் எங்களைப் பற்றித்தான் பேசுகிறார். ஆனால் என்ன பேசுகிறார் என்று அப்போது நாத்தனாரைத் தவிர யாருக்கும் தெரியாது. இதைவிட ஒரு கலக்கம் வேண்டுமா? விழித்திருந்து கேட்டுவிடவேண்டும் என்று ஆளாளுக்கு முயன்றார்கள். ஒருவர் தொடையைக் கிள்ளிக்கொண்டார். கூரியர்க்காரர் வாயில் பச்சைமிளகாயோடு படுத்து, அதோடேயே தூங்கிப்போனார். யாராலும் முடியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அவரவர் நடத்தையைச் சரிசெய்துகொள்ள ஆரம்பித்தார்கள். மாடியிலிருந்து டீச்சர் தண்ணீர் ஊற்றுமுன் "கீழ யாரு?" என்று தெருவே அதிரும்படி கேட்கிறார். அவர் வாய்க்குப் பயந்து யாரும் சாக்கடையில் குப்பை போடுவதில்லை. வருட முடிவில் நிறுவனம் தலையணைக்காரம்மாவை விருது கொடுக்கக் கூப்பிட்டு, மேடையில் ஐந்து நிமிடம் பேசச் சொன்னபோது, தங்கக்கா குறுக்கே விழுந்து தடுத்து, விருதைத் தானே போய் வாங்கிவந்தார்.

நானும் நாத்தனாரிடம் நைச்சியமாகக் கேட்டுப் பார்த்தேன். "என்னப் பத்தி ஏதாவது சொல்றாங்களா?"

"உங்களப் பத்தியா?" என்றவர் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார். "உங்க முறை வர்றப்போ நான் டீ போடப் போயிடுவேங்க. பாவம், தினம் நேர்ல பாத்துப் பேசற மனுஷனாச்சே, நின்னு கேக்க மனசு வரல."

வீட்டுக்கு வந்து வெகுநேரம் யோசித்தேன். பிறகு, வெள்ளையடிக்க அவர்களிடம் இரவல் வாங்கி, மழைக்காலம் எல்லாம் என் கொல்லையில் கிடந்த ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தேன்.